டியூக் என்றால் பைக் இல்லை

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் 31 முடிஞ்சு, அதுக்கப்புறம் ஆடிட்டும் முடிஞ்சாதான் பேங்க்காரனுக்கு மூச்சே வரும். போன வருஷம் மே மாசம் குடும்பத்தோட பிரான்ஸ் போயிட்டு வந்த கதையை எழுதறேன்னு சொல்லியிருந்தேன். ஈஃபில் டவரைப் பத்தி ஏற்கெனவே நாலாயிரம் பேர் எழுதிட்டாங்க. அதனால அதை விட்டுட்டேன். நான் சொல்லப்போறது நாந்த் என்கிற ஊர்ல இருக்கிற ஒரு கோட்டையைப் பத்தி.

முதல்ல ஒரு விஷயம். எல்.எஃப்.சி.யில எல்லாம் போகலை. சொந்தக் காசு. தங்கமணியோட சித்தப்பா பையன் நாந்த்ல இருக்கான். பாண்டிச்சேரிக் குடும்பம். 1962ல பிரெஞ்சு இந்தியா சட்டப்படி நம்மோட சேர்ந்தப்போ, அவங்க தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையே போதும்னு வச்சுக்கிட்டார். "அத்தான், டிக்கெட் மட்டும் போட்டுட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"னு மச்சினன் பல வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். பாரிஸ்லேர்ந்து அதிவேக ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஊர்ப் பேரை எழுதும்போது கடைசியில ஒரு 'எஸ்' வரும். வாயில வராது. நான் ரெண்டு நாள் 'நான்ட்ஸ்'னே சொல்லிக்கிட்டிருந்தேன், யாருக்கும் புரியலை :-)

"நாளைக்கு டியூக் கோட்டைக்குப் போறோம்"னு மச்சினன் சொன்னதும் ஒன்பது வயசுப் பையன் குதிக்க ஆரம்பிச்சுட்டான். புனேயில வளர்ற பையனுக்கு டியூக்னா ஒண்ணுதான் தெரியும். இங்கே பக்கத்துல சாக்கன்ல தயாராகிற பைக். கோட்டை நிறைய பைக் நிக்கும்னு நினைச்சுட்டான். "அது இல்லடா, டியூக்னா ராஜாவுக்கு ஒரு படி கீழே"ன்னேன். "அப்ப ரீஜனல் மேனேஜரா?"ன்னு கேட்டா பதிமூணு வயசுப் பொண்ணு. கிட்டத்தட்ட சரிதான். ஆனா இந்த ரீஜனல் மேனேஜருங்க ஹெட் ஆபீஸ் பேச்சைக் கேக்கலை. பிரிட்டனி ரொம்ப காலம் தனி நாடு மாதிரியே இருந்தது. இந்தக் கோட்டையை இப்போ இருக்கிற வடிவத்துல 1466லேர்ந்து கட்ட ஆரம்பிச்சவர் ரெண்டாம் பிரான்சுவா. அவர்தான் அந்த வரிசையில கடைசி ஆண் டியூக்.

வெளியிலேர்ந்து பார்த்தா நம்ம மனசுல இருக்கிற கோட்டை அப்படியே கண்ணு முன்னால. சுத்தி அகழி, குண்டு குண்டா ஏழு கோபுரம், கறுத்த கல் மதில். வாசலைத் தாண்டி உள்ளே போனா வேற உலகம். வெள்ளைக் கல்லால கட்டின அரண்மனை, பெரிய முற்றம். முற்றத்துக் கிணத்துக்கு மேல இரும்புல ஒரு வேலைப்பாடு, டியூக்கோட கிரீடம் மாதிரி. அதுல ஏழு ராட்டினம். தங்கமணி ராட்டினத்தை எண்ணிட்டு, "நம்ம ஊர்ல ஒண்ணை வச்சுக்கிட்டே தெருவே சண்டை போடும்"னா.

மதில் மேல சுத்தி நடக்கலாம். அங்கேதான் பசங்களுக்குக் கதை சொல்ல நேரம் கிடைச்சுது. பிரான்சுவாவோட பொண்ணு ஆன், இந்தக் கோட்டையில 1477ல பிறந்தவ. 1488ல அப்பா செத்ததும் பட்டத்துக்கு வந்தா.

"பதினோரு வயசா? என்னை விடச் சின்னவ!"

ஆமாம். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணை யார் கட்டிக்கிறதுன்னு ஐரோப்பாவே அடிச்சுக்கிச்சு. 1491ல பிரான்ஸ் ராஜா எட்டாம் சார்ல்ஸ் படையோட வந்து நின்னு கட்டிக்கிட்டார். ஆண் வாரிசு இல்லாம ராஜா செத்துட்டா, அடுத்து வர்ற ராஜாவைத்தான் ஆன் கட்டிக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வச்சாங்க. 1498ல ராஜா செத்தார். 1499 ஜனவரியில, இதே கோட்டைத் தேவாலயத்துல, அடுத்த ராஜா பன்னிரண்டாம் லூயியோட கல்யாணம்.

"இது கல்யாணமாப்பா, லோன் அக்ரிமென்டா?"ன்னா பொண்ணு. நான் பதில் சொல்லலை. எங்க டாக்குமென்ட்லயும் அப்படி ஒரு க்ளாஸ் உண்டு.

1532ல பிரிட்டனி பிரான்சோட சேர்ந்தாச்சு. அதுக்கப்புறம் கோட்டை ராணுவ முகாமாச்சு, ஆயுதக் கிடங்காச்சு, ஜெயிலாச்சு. பையனுக்குப் பிடிச்சது ஜெயில் கதைதான். 1654ல கார்டினல் ரெட்ஸ்னு ஒரு பெரிய மனுஷர் இங்கே கைதியா இருந்து, மதில்லேர்ந்து கயிறு கட்டி இறங்கி, குதிரையில ஏறி, குதிரையிலேர்ந்து விழுந்து தோள்ல அடிபட்டும் தப்பிச்சுட்டார். "எந்த இடம், எந்த இடம்"னு பையன் ஒவ்வொரு கைப்பிடிச் சுவரா எட்டிப் பார்த்தான். அந்தக் காலத்துல லுவார் ஆறு கோட்டையை ஒட்டி ஓடிச்சு. போன நூற்றாண்டுல அந்தக் கிளையைத் தூர்த்துட்டாங்க. இப்போ அங்கே டிராம் போகுது.

இதுவரைக்கும் ஜாலிதான். நான் எழுத வந்த விஷயம் இதுக்கு மேலே.

கோட்டை அரண்மனைக்குள்ள நாந்த் நகர வரலாற்று அருங்காட்சியகம் இருக்கு. பெரிய பழுதுபார்ப்புக்கு அப்புறம் 2007ல திறந்தது. முப்பதுக்கும் மேல அறைகள். டியூக், டச்சஸ் எல்லாம் முடிஞ்சு நாலஞ்சு சுத்துப் படிக்கட்டு ஏறினதும் 18ஆம் நூற்றாண்டு வருது. அங்கே கண்ணாடிக்குள்ள பூப்போட்ட பருத்தித் துணி. பிரெஞ்சுல அதுக்குப் பேரு 'இந்தியேன்'. இந்தியாவிலேர்ந்து வந்ததால அந்தப் பேரு. பின்னால அதைப் பார்த்து இங்கேயே அச்சடிச்சாங்க, அதுக்கும் அதே பேருதான்.

எனக்குத் தலைகால் புரியலை. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். எங்க தாத்தா கடலூர் பக்கம் குறிஞ்சிப்பாடியில கைலி நெய்தவர். வீட்டுக்குள்ள குழித்தறி. எங்க அப்பா எப்பவும் சொல்வார், "நம்ம கரைத் துணி கப்பலேறி உலகமெல்லாம் போச்சுடா. வெள்ளைக்காரன் அதைக் கட்டிக்கிட்டு ஆடினான்." தறி போய், அப்பா குமாஸ்தா ஆகி, நான் பி.காம். படிச்சு பேங்க்குக்கு வந்தாச்சு. அந்த ஒரு பெருமை மட்டும் வீட்ல தங்கிடுச்சு.

அதனால பசங்களைக் கூப்பிட்டு லெக்சர். கோரமண்டல் கரை, பாண்டிச்சேரி, பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் கம்பெனி 1730கள் வரைக்கும் சரக்கை ஏலம் விட்டது இதே நாந்த்ல. நம்ம துணி வந்து குவிஞ்சதுல பிரான்ஸ்ல பட்டும் கம்பளியும் நெய்தவங்க கத்த ஆரம்பிச்சாங்க. 1686ல அரசாங்கம் நம்ம பூப்போட்ட துணிக்குத் தடையே போட்டுது. 1759 வரைக்கும் தடை. "எழுபத்து மூணு வருஷம்! நம்ம நெசவாளியைப் பார்த்து ஒரு ராஜாங்கமே பயந்துச்சு"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு, கண்ணாடிப் பெட்டி முன்னால போட்டோவும் எடுத்துக்கிட்டேன்.

பொண்ணு பக்கத்துல இருந்த விளக்கத்தைப் படிச்சுக்கிட்டிருந்தா.

"அப்பா, இங்கே விக்கக் கூடாதுன்னா அந்தத் துணியெல்லாம் எங்கே போச்சு?"

"வேற நாட்டுக்கு அனுப்பலாம். அதுக்குத் தடையில்லை."

"ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கு. அங்கே இதைக் குடுத்து என்ன வாங்கினாங்க தெரியுமா? மனுஷங்களை."

பாதி எனக்கும் தெரிஞ்சதுதான். படிச்சிருக்கேன். ஆனா ரெண்டையும் ஒரே பக்கத்துல வச்சுப் பார்த்ததில்லை. நாந்த்லேர்ந்து கிளம்பின அடிமைக் கப்பல்கள்ல இருந்த சரக்கோட மதிப்புல பாதிக்கு மேல துணி. அதுல பெரிய பங்கு இந்தியப் பருத்தி. நம்ம கரையில நெய்து நீலச் சாயம் முக்கின ஒரு ரகத்துக்கு 'கினே'ன்னே பேரு. கினி கரைக்குப் போற துணிங்கிறதால. துணி, துப்பாக்கி, சாராயம் ஏத்திக்கிட்டு ஆப்பிரிக்கா. அங்கேர்ந்து ஆட்களை ஏத்திக்கிட்டு கரீபியன் தீவுகள். அங்கேர்ந்து சர்க்கரையும் காபியும் ஏத்திக்கிட்டு நாந்த். பிரான்ஸ்ல இந்த வியாபாரத்துக்கு இதுதான் முதல் துறைமுகம், நாட்டோட மொத்தப் பயணங்கள்ல நாற்பது சதவீதத்துக்கும் மேல.

அடுத்த அறையில மரி செராஃபிக்ங்கிற கப்பலோட படம். 1770 வாக்குல வரைஞ்ச வண்ணச் சித்திரம். கப்பலை நெடுக்குவாட்டா வெட்டின மாதிரி. கீழே பீப்பாய்கள். அதுக்கு மேல் தட்டுல மனுஷங்க, வரிசையா, இடைவெளி இல்லாம. முந்நூறு பேருக்கு மேல. வரைஞ்சவன் ரொம்ப சுத்தமா, கோடு பிசகாம வரைஞ்சிருக்கான். இதே கப்பலைப் பத்தி இன்னொரு படமும் உண்டு. கரீபியன்ல, இப்போ ஹைட்டியா இருக்கிற இடத்துல, விற்பனை தொடங்கின நாள். மேல்தட்டுல ஒரு பக்கம் ஆட்களை விக்கறாங்க. மறுபக்கம் வாங்க வந்தவங்களுக்கு விருந்து நடக்குது.

பையன் மூக்கைக் கண்ணாடியில வச்சு ரொம்ப நேரம் பார்த்தான். "இவங்க பேரெல்லாம் என்ன?"

கப்பல் பேரு எழுதியிருக்கு, முதலாளி பேரும் கேப்டன் பேரும் கூட இருக்கு. அவங்க பேரு இல்லை. சரக்குப் பட்டியல்ல சரக்குக்குப் பேரு எழுதமாட்டாங்க, எண்ணிக்கைதான் எழுதுவாங்க. டபுள் என்ட்ரி படிச்சவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பக்கம் துணி பற்று, இந்தப் பக்கம் ஆள் வரவு. கணக்குல தப்பே இருந்திருக்காது.

வெளியே வந்தோம். அகழியில ஒரு பகுதியைப் புல்வெளியாக்கி வச்சிருக்காங்க, ஊர்க்காரங்க வந்து உட்கார்ந்து சாப்பிடறாங்க. மச்சினன் பொண்டாட்டி கட்டிக் குடுத்த புளியோதரையைப் பிரிச்சோம். பையன் எதிர்த்தாப்ல இருக்கிற பழைய பிஸ்கட் பாக்டரி கோபுரத்தைப் பார்த்துட்டு பிஸ்கட் கேட்டான். பொண்ணு சாப்பிடலை.

நான் சமாதானம் சொல்றதா நினைச்சுக்கிட்டு, "நெய்தவனுக்கு என்னம்மா தெரியும்? தறியில உட்கார்ந்தவனுக்குக் கூலிதான் தெரியும். துணி எங்கே போகுதுன்னு அவனுக்கு யார் சொல்லப்போறாங்க?"ன்னேன். அது உண்மைதான். இடையில இருந்த நம்ம வியாபாரிகளுக்கும் துபாஷிகளுக்கும் எவ்வளவு தெரிஞ்சிருக்கும்ங்கிறது வேற கேள்வி. பாண்டிச்சேரியில ஆட்களைப் பிடிச்சு அடிமையாக் கப்பலேத்தின விஷயம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புலயே வருது. நம்ம கரையிலேர்ந்து துணி மட்டும் போகலை.

பொண்ணு கேட்டா: "சரி, அவருக்குத் தெரியாது. நீங்க குடுக்கிற லோன் எங்கே போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவ சும்மாதான் கேட்டா. எனக்கு அது சும்மா இல்லை. எங்க வேலையில இதுக்குன்னு ஒரு பேரே உண்டு, எண்ட் யூஸ். குடுத்த பணம் சொன்ன காரியத்துக்குப் போச்சான்னு பார்த்துக் கையெழுத்துப் போடணும். பத்து வருஷத்துக்கு முன்னால மேற்கு மகாராஷ்டிராவுல கரும்பு பெல்ட்ல ஒரு கிளைக்கு மேனேஜரா இருந்தேன். இங்கே இருக்கிறவங்களுக்குத் தெரியும், கரும்பு வெட்ட வர்றவங்க பீட் மாதிரி வறண்ட மாவட்டத்துக்காரங்க. சீசனுக்கு முன்னாலேயே முன்பணம். அதுக்குப் பேரு 'உசல்'. குடுக்கிறவர் முகாதம், அதாவது மேஸ்திரி. வெட்டிக் கழிக்க முடியலைன்னா பாக்கி அடுத்த சீசனுக்குப் போகும், ஆளும் கூடவே போகணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு யூனிட். அந்த யூனிட்டுக்குப் பேரு 'கோய்தா'. கோய்தான்னா அரிவாள்.

வெட்டி ஏத்தற கான்ட்ராக்டர் ஒருத்தருக்கு நாங்க கடன் குடுத்தோம். ஆள் முன்பணத்துக்குத்தான். என் பைல்ல இருந்தது ஒரே வரி: கோய்தா 24. கான்ட்ராக்டர் பேரு, ஜாமீன்தாரர் பேரு, டிராக்டர் நம்பர் எல்லாம் உண்டு. நாற்பத்தெட்டுப் பேர்ல ஒருத்தர் பேரும் கிடையாது. இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுக்குப் போனேன். ஒரு ஜோடியில பொம்பளை இல்லை, ஒரு பொண்ணு கட்டுத் தூக்கிக்கிட்டிருந்தா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கோய்தா குறையக்கூடாதுன்னு இவளைக் கூட்டிட்டு வந்திருக்காங்களாம். ரிப்போர்ட்ல நான் எழுதினது: ஆட்கள் வயல்ல வேலை செய்வதை நேரில் கண்டேன், நிதி உரிய நோக்கத்துக்கே பயன்பட்டுள்ளது. கடன் ஒரு நாள் தவறாம திரும்பி வந்துச்சு. எனக்கு நல்ல பேர்.

இதெல்லாம் ஒண்ணும் அந்தக் கப்பல் இல்லை. ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா கப்பல்ல போனவங்களுக்கு நான் செய்யற அநியாயம். ஆனா அந்தக் கேள்விக்கு "தெரியாதும்மா"ன்னு சொல்லியிருந்தா அது பொய்.

"தெரியும்மா. ஒரு தடவை நேர்லயே பார்த்தேன். உன் வயசுதான் இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. நான் எதுவும் கேக்கலை"ன்னு முழுசா சொன்னேன். தங்கமணி என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. அவகிட்டயும் இதை நான் சொன்னதில்லை.

பொண்ணு திட்டலை. "பேராவது கேட்டிருக்கலாம்பா"ன்னா. அப்புறம் புளியோதரையை எடுத்துக்கிட்டா.

சாயங்காலம் மச்சினன் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனான். அங்கே அடிமை ஒழிப்பு நினைவிடம், 2012ல திறந்தது. நடைபாதையில சின்னச் சின்னக் கண்ணாடிப் பலகை பதிச்சிருக்காங்க, மொத்தம் 2,000. அதுல 1,710ல நாந்த்லேர்ந்து போன கப்பல்களோட பேரும் வருஷமும். நிறைய அழகான பேருங்க. ஒரு ஊர் தன்னோட கணக்குப் புத்தகத்தைத் தரையில விரிச்சு வச்சு, மிதிச்சுப் படிச்சுட்டுப் போன்னு சொல்ற மாதிரி இருந்தது. கப்பலுக்கெல்லாம் பேரு இருக்கு. உள்ளே இருந்தவங்க பேரு இவங்களாலயும் போட முடியலை. எழுதி வைக்கலைன்னா அப்புறம் யாராலயும் முடியாது.

மறுநாள் பையனுக்கு வாக்குக் குடுத்தபடி மர யானை. இங்கே 2007லேர்ந்து பன்னிரண்டு மீட்டர் உயரத்துல ஒரு இயந்திர யானை உலாத்துது, முதுகுல ஆள் ஏத்திக்கிட்டு, தும்பிக்கையால தண்ணி பீச்சுது. யானை ஊர்லேர்ந்து வந்து டிக்கெட் வாங்கி மர யானை பார்த்த ஒரே குடும்பம் நாங்களாத்தான் இருப்போம் :-)

போறவங்களுக்கு: முற்றத்துக்கும் மதில் நடைக்கும் டிக்கெட் கிடையாது. அருங்காட்சியகத்துக்கு உண்டு, 18 வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்கு இலவசம். அரை நாள் வச்சுக்கோங்க. துணி இருக்கிற அறையில பசங்க கேள்வி கேட்டா அவசரப்பட்டு நகராதீங்க.

இப்போ நான் கிளையில இல்லை, கிரெடிட் டிபார்ட்மென்ட்ல. போன அக்டோபர்ல கரும்பு வெட்டுக் கான்ட்ராக்டர் புரொபோசல் வந்தப்போ ஒரு வரி சேர்த்தேன்: ஆட்களின் பெயர், வயதுப் பட்டியல் இணைக்கவும். கிளையிலேர்ந்து போன். "சார், சர்க்குலர்ல இது இல்லையே." இல்லைதான், கேட்டு வாங்குங்கன்னேன். வந்த பட்டியல்ல ரெண்டு பேர் வயசு பதினஞ்சு. திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவை வந்த பட்டியல்ல எல்லாருக்கும் பதினெட்டுக்கு மேல. வயசை மாத்தினாங்களா, ஆளை மாத்தினாங்களான்னு போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கேன். கிளை மேனேஜருக்கு என் மேல கோபம்.

பையன் ஸ்கூல்ல லீவுக் கட்டுரை எழுதினான். தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்: "நாங்கள் டியூக் வீட்டுக்குப் போனோம். பைக் இல்லை. எங்கள் கொள்ளுத் தாத்தா ஊர்த் துணி இருந்தது. அதைக் கொடுத்து ஆட்களை வாங்கினார்களாம். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. யானை நன்றாக இருந்தது."

டீச்சர் கீழே சிவப்பு மையில எழுதியிருந்தாங்க, 'நல்ல பயணம்'னு.